லடாக் போஸ்டிங் வந்த தம்பிக்கு: முதல் 14 நாள் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி

மூவ்மென்ட் ஆர்டர் வந்த சேதி தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் பேசுவார்கள். அம்மா கம்பளிக் குல்லாய் வாங்கி வைப்பார். மாமா ஒரு பாட்டில் பிராந்தியைக் காட்டி, "இது இருந்தா குளிர் அண்டாது" என்பார். குளிருக்கு வேண்டிய உடுப்பை ராணுவமே கொடுத்துவிடும், தம்பி. மேலே காற்று மெலிந்து கிடக்கிறதே, அதற்கு எந்த ஸ்டோரிலும் உடுப்பு கிடையாது. அதை உன் உடம்புதான் பழகிக்கொள்ள வேண்டும். பழக அதற்கு நாள் கொடுக்க வேண்டும்.

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். சர்வீஸில் பல வருஷம் லடாக்கில் போயிற்று. இங்கே எழுதுவதெல்லாம் முதல்முறை மேலே போகிறவனுக்கு. உன் யூனிட் டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் சொல்வதைக் கேள்.

காற்றில் என்ன குறைகிறது

லே நகரம் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், நம் ஊரில் இருக்கிற அதே அளவு. ஆனால் காற்றின் அழுத்தம் குறைந்துவிடுவதால், ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 18,000 அடிக்குப் போனால் பாதி. உடம்பு சும்மா இருக்காது. மூச்சை வேகப்படுத்தும், நாடித் துடிப்பைக் கூட்டும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும், மெதுவாக ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும். இதெல்லாம் ஒரே ராத்திரியில் நடக்கிற காரியம் இல்லை.

நல்ல உடற்கட்டு இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைக்காதே. 1962 போரின்போதும் அதற்குப் பின்னும் சமவெளியிலிருந்து ஆயிரக்கணக்கான ஜவான்களை அவசர அவசரமாக மேலே ஏற்றினார்கள். எல்லோரும் இளைஞர்கள், மருத்துவப் பரிசோதனையில் தேறியவர்கள். அவர்களில் மலை நோய் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவு ஒத்துக்கொள்ளாமல் வருகிற நோய்) கண்ட 1,925 பேரைப் பற்றி இந்தர் சிங் என்ற நம் ராணுவ மருத்துவரும் அவருடைய குழுவும் எழுதிய கட்டுரை 1969ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. மலை நோயைப் படிக்கிற டாக்டர்கள் உலகம் முழுக்க இன்றும் அதை எடுத்துக் காட்டுகிறார்கள். நீ போய் இறங்கியதும் "பழகும் வரை படு" என்று சொல்வார்கள். அந்த உத்தரவுக்குப் பின்னால் இருப்பது இந்த ஜவான்கள் பட்ட பாடு.

வெலிங்டனில் பயிற்சி எடுத்த மெட்ராஸ் ரெஜிமென்ட் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த ஊர் ஏறக்குறைய 6,000 அடி. நீலகிரிக் குளிர் பழகிவிட்டது, லடாக்கும் அப்படித்தான் என்று கணக்குப் போடாதே. மலை நோய் பெரும்பாலும் 8,000 அடிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். அந்த உயரத்தை உன் உடம்பு இன்னும் பார்த்ததே இல்லை.

கிளம்பும் முன்

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் விமானம் ஏறுவதற்கு முன்பே எம்ஐ ரூமில், அதாவது யூனிட்டின் மருத்துவ அறையில், சொல்லிவிடு. நெஞ்சில் சளியோடு மேலே போகிறவனுக்கு நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து கூடுதல். இரண்டு நாள் தள்ளிப் போவதில் எந்த அவமானமும் இல்லை. சொத்தைப் பல் இருந்தால் கீழேயே பார்த்துக்கொள். போஸ்டில் பல் டாக்டர் கிடையாது. முன்பு ஒருமுறை மேலே போய் உடம்புக்கு வந்திருந்தால் மறைக்காதே. ஒருமுறை வந்தவனுக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல். மலை நோய்க்கு முன்கூட்டியே கொடுக்கிற அசிட்டசோலமைடு அந்த வகையைச் சேர்ந்தது.

மருந்துக்கடையில் நீயாக மாத்திரை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாதே. முக்கியமாக டெக்சாமெத்தசோன். மலைக்குப் போனவர்கள் யாராவது "இதைப் போட்டா தலைவலியே வராது" என்று சொல்லியிருப்பார்கள். அது நோயின் அடையாளத்தை மூடி வைக்கும், உடம்பைப் பழக்காது. மாத்திரையை நிறுத்தியதும் நோய் திரும்பி வரலாம், வருகிற இடம் இன்னும் உயரமாக இருக்கலாம். தூக்க மாத்திரையும் வேண்டாம், அது மூச்சை மந்தமாக்கும். பீடி, சிகரெட்டை இன்றைக்கே விட்டுவிடு. மாமா கொடுத்த பாட்டிலை அவரிடமே திருப்பிக் கொடு. குடித்தால் சூடாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து உள்ளே இருக்கிற சூடும் வெளியே போய்விடும்.

முதல் இரண்டு நாள்: படு

சண்டிகரில் ஐஎல்-76 விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் லே. ஆயிரத்துச் சொச்சம் அடியிலிருந்து 11,500 அடி. கதவு திறந்ததும் நீல வானம், வெயில், சுத்தமான காற்று. உடம்புக்கு ஒன்றும் தெரியாது, உற்சாகமாகக்கூட இருக்கும். ஏமாறுகிற இடம் இதுதான். மலை நோய் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் முகம் காட்டும். இறங்கியதுமே மூட்டை தூக்க ஓடாதே, மைதானத்தைப் பார்த்ததும் வாலிபால் ஆடப் போகாதே. "லாமாவின் நாட்டில் காமாவாக இருக்காதே" என்று லடாக்கில் ஒரு பலகை வாசகம் உண்டு. காமா என்பது தோல்வியே காணாத பழைய மல்யுத்த வீரர் காமா பயில்வான். அவரே வந்தாலும் இரண்டு நாள் படுக்கத்தான் வேண்டும்.

இந்த இரண்டு நாளும் பாரக், மெஸ், கக்கூஸ், அவ்வளவுதான் உன் நடை. பசிக்காது, ஆனாலும் சாப்பிடு. வயிறு முட்டச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து வேளை. சோறு, கஞ்சி, ரொட்டி, உருளைக்கிழங்கு மாதிரி மாவுச்சத்து உள்ளது நல்லது. தண்ணீர் ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர், வெதுவெதுப்பாக. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே, குளிரில் தாகம் தெரியாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறாய், அடர்ந்த நிறமாக இருந்தால் போதவில்லை. அதற்காக ஒரேயடியாக ஏழெட்டு லிட்டர் குடிக்காதே. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே தலைவலி கொடுக்கும்.

ராத்திரி தூங்கும்போது மூச்சு ஒரு கணம் நின்று, திடுக்கென்று இழுத்துக்கொண்டு விழிப்பு வரும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்கும் வரும். பயப்படாதே, புதிதாக மேலே வருகிற பலருக்கும் உள்ளதுதான். உட்கார்ந்த பிறகும் மூச்சு வாங்கினால்தான் அது வேறு விஷயம், அதற்கு வருகிறேன்.

அட்டவணையை ஒரு நாள்கூட வெட்டாதே

உடம்பைப் பழக்க ராணுவம் வைத்திருக்கிற அட்டவணை இது. 9,000 முதல் 12,000 அடி வரை முதல் கட்டம், 6 நாள். முதல் இரண்டு நாள் ஓய்வு. மூன்றாம், நான்காம் நாள் மெதுவாக ஒன்றரை முதல் மூன்று கி.மீ. நடை, செங்குத்தான ஏற்றம் கூடாது. ஐந்தாம், ஆறாம் நாள் ஐந்து கி.மீ. வரை நடக்கலாம், 300 மீட்டர் வரை மெதுவாக ஏறலாம். 12,000 முதல் 15,000 அடி இரண்டாம் கட்டம், 4 நாள். அங்கேயும் முதலில் மெல்லிய நடை, பிறகுதான் ஏற்றம், கடைசியில்தான் சுமை. 15,000 அடிக்கு மேல் மூன்றாம் கட்டம், இன்னொரு 4 நாள். ஆக மொத்தம் 14.

ஶ்ரீநகரிலிருந்து ஸோஜிலா கணவாய் வழியாக ரோட்டில் வந்தாலும் இதே அட்டவணைதான். "நான் கான்வாயில் மெதுவாத்தானே வந்தேன்" என்று யாரும் விலக்குக் கேட்க முடியாது. நடக்கும்போது ஒரு சோதனை: பக்கத்தில் வருகிறவனோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறை. முன்னால் போகிறவன் உன்னைவிட ஐந்து வயது மூத்தவனாக இருந்தாலும் அவனை முந்த வேண்டாம்.

சொல்லிவிடு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள். ஒரு டிரான்சிட் கேம்பில் (போகிற வழியில் தங்குகிற முகாம்) மூன்றாம் நாள் ராத்திரி. பாரக்கில் 20 பேர். சுவர் ஓரக் கட்டிலில் நம் பக்கத்துப் பையன் ஒருவன். ஓட்டத்தில் பட்டாலியனுக்கே பெயர் வாங்கிக் கொடுத்தவன். நான் டார்ச்சோடு ரவுண்டு போனபோது அவன் படுத்திருக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கிட்பேக்கை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். இருமலை அடக்கத் துண்டை வாயில் வைத்திருந்தான், மற்றவர்கள் முழித்துக்கொள்ளக் கூடாதாம். "என்னடா தம்பி?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே, படுத்தா மூச்சு முட்டுது" என்றான். மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு 34. உதடு ஊதா. துண்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன், ரோஜா நிறத்தில் நுரை. முதுகில் காது வைத்தபோது, காதருகே தலைமுடியை விரலால் தேய்த்தால் கேட்குமே, அந்தச் சத்தம் கேட்டது.

இதைத்தான் நாங்கள் ஹேப்போ என்போம். ஆக்சிஜன் குறைந்ததும் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. சில இடங்களில் அழுத்தம் எகிறி, ரத்தத்தின் நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. உயரத்துக்கு வந்த இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், அதுவும் ராத்திரியில்தான் அதிகம் வரும். அன்றைக்கு ஆக்சிஜன் கையருகே இருந்தது, ஆஸ்பத்திரியும் பக்கம். பையன் பிழைத்தான். காலையில் டாக்டர் கேட்டார், எப்போது ஆரம்பித்தது என்று. "முதல் நாள் சாயங்காலமே தலை வலிச்சுது சார். கூட வந்தவங்க யாரும் சொல்லல. நான் மட்டும் எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்." அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பாரக்கில் தலைவலி இருந்தும் சொல்லாமல் இருந்தவர்கள் இன்னும் ஏழு பேர். ஒவ்வொருவனும் அடுத்தவனைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான்.

எதைச் சொல்ல வேண்டும்? தலைவலியோடு வாந்தி வருகிற மாதிரி இருப்பது, சாப்பாடு பிடிக்காதது, கிறுகிறுப்பு, வழக்கத்தை மீறின அசதி. இது ஆரம்ப மலை நோய். சொன்னால் ஒரு மாத்திரையும் ஒரு நாள் கூடுதல் ஓய்வும் கொடுப்பார்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். குறையும் வரை ஒரு அடிகூட மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது, வறட்டு இருமல், படுக்க முடியாதது ஹேப்போவின் வாசல். அதே நிமிடம் நர்சிங் அசிஸ்டென்டை எழுப்பு. மணி என்ன என்று பார்க்காதே.

மூன்றாவது, மூளை வீக்கம். நாங்கள் ஹேக்கோ என்போம். இதில் நோயாளிக்கே தனக்கு நோய் என்று தெரியாது. அதனால் பார்க்க வேண்டியவன் நீ, அவனுடைய பட்டி (ஜோடித் தோழன்). பேச்சு குழறுகிறதா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறானா, பூட்ஸ் லேஸ் கட்டத் தெரியாமல் விழிக்கிறானா என்று பார். தரையில் ஒரு கோடு போட்டு, ஒரு காலின் விரல் நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து அதன்மேல் நடக்கச் சொல். தள்ளாடினால் குடித்த மாதிரி என்று சிரிக்காதே, தூக்கத்தில் விடாதே, உடனே கீழே இறக்க ஏற்பாடு செய்.

ஹேப்போ, ஹேக்கோ இரண்டுக்கும் உண்மையான வைத்தியம் கீழே இறங்குவதுதான். ஆக்சிஜனும் மருந்தும் அதுவரை தாங்கிப் பிடிக்கும். ஹேப்போ பை என்று ஒன்று உண்டு. ஆளை உள்ளே படுக்க வைத்து ஜிப்பை இழுத்து மூடி, பம்பால் காற்றடித்தால், 5,000 அடிக்கும் மேல் கீழே இறங்கியதற்குச் சமமான அழுத்தம் உள்ளே கிடைக்கும். பம்பை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உள்ளே இருக்கிற காற்று கெட்டுவிடும். மாற்றி மாற்றி மிதிக்க ஆள் வேண்டும். ஒரு வேலை செய், போய்ச் சேர்ந்த முதல் நாளே உங்கள் ஆர்ஏபியில் (யூனிட்டின் முதலுதவி நிலையம்) அந்தப் பை எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள். இன்னொன்று, உயரமான போஸ்டுகளில் ராத்திரியிலும் மோசமான வானிலையிலும் ஹெலிகாப்டர் வருவது அரிது. மத்தியானம் சொன்னவனுக்கு இருக்கிற வழி நடுராத்திரி சொல்கிறவனுக்கு இருக்காது.

விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரை நம்பி மட்டும் முடிவெடுக்காதே. விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பார். லேயில் 90ஐ ஒட்டி இருப்பது சாதாரணம். ஊரில் 98 இருந்ததே என்று பதற வேண்டாம். எண் நன்றாக இருந்து ஆள் நன்றாக இல்லையென்றால், ஆளை நம்பு.

புகாரியும் தலைவலியும்

மலை நோய் மாதிரியே தலைவலி, வாந்தி, மயக்கம் கொடுத்து ஆளைக் கொல்கிற இன்னொன்று புகாரியின், அதாவது பங்கரைச் சூடாக்குகிற அடுப்பின், புகை. பங்கருக்குள் மண்ணெண்ணெய் அடுப்பை எரியவிட்டு, குளிர் வராமல் இடுக்கெல்லாம் அடைத்துப் படுத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. தூங்கப் போகுமுன் புகாரியை அணை. எரிந்தே ஆக வேண்டுமென்றால் புகைக்குழாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காற்றுத் துவாரத்தைத் திறந்து வை, ஒருவன் முழித்திரு. ஒரே பங்கரில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவா, மற்றதை அப்புறம் யோசி.

கால், கை, கண்

சாயங்காலம் பூட்ஸைக் கழற்றியதும் வெளிச்சத்தில் பத்து விரலையும் பார். வெளுத்து மெழுகு மாதிரி இருக்கிறதா, தொட்டால் உணர்வு இருக்கிறதா என்று கவனி. வலித்துக்கொண்டிருந்த விரல் திடீரென்று வலியை நிறுத்தினால் நிம்மதி அடையாதே, அதுதான் ஆபத்து. வியர்வையில் நனைந்த சாக்ஸோடு ஒருபோதும் படுக்காதே. மாற்று ஜோடி எப்போதும் காய்ந்து இருக்க வேண்டும். வெயில் இல்லாத நாளில் ஈர சாக்ஸைப் பிழிந்து, பனியனுக்கு மேலே சட்டைக்கு உள்ளே வயிற்றோடு விரித்துப் போட்டுக்கொள், உடம்புச் சூட்டிலேயே காய்ந்துவிடும். ரத்த ஓட்டத்தைத் தடுக்கிற இறுக்கமான பூட்ஸும் இரண்டு மூன்று சாக்ஸ் திணித்த பூட்ஸும் ஒன்றுதான். வெறுங்கையால் துப்பாக்கி இரும்பைத் தொடாதே, தோல் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். பெட்ரோல், மண்ணெண்ணெய் கையில் சிந்துவது அதைவிட மோசம்.

விரல் விறைத்துப் போனால் பனியைத் தேய்ப்பது பழைய தப்பு. நெருப்பில் காட்டுவதும் தப்பு, மரத்துப்போன தோல் வெந்தாலும் உனக்குத் தெரியாது. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. மறுபடியும் உறைந்துபோக வாய்ப்பு இருந்தால் உருக்கவே கூடாது. உருகி மறுபடி உறைந்த விரலைக் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

கருப்புக் கண்ணாடியை மேகமூட்டத்திலும் கழற்றாதே. பனியில் பட்டுத் திரும்புகிற புற ஊதாக் கதிர் கண்ணைச் சுடும். அந்த நேரம் தெரியாது, ராத்திரி மணல் கொட்டின மாதிரி உறுத்தும்.

தண்ணீர், சோறு

லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. பனியை உருக்கிக் குடிக்கிற இடத்தில், எடுக்கிற பனி கக்கூஸுக்கு மேல்புறமாக இருக்க வேண்டும். நன்றாகக் கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விடு. குளிருக்குப் பயந்து கை கழுவாமல் இருக்காதே. போஸ்டில் ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு நாளில் எல்லோருக்கும் வரும். மாதக்கணக்கில் மேலே இருக்கும்போது ரத்தம் தடித்துப்போய்க் காலில் கட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. பங்கருக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் காலை அசை. ஒரு பக்கத்துக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அதையும் சொல்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயர சோனம் போஸ்டில் பனிச்சரிவு விழுந்து 19வது மெட்ராஸ் பட்டாலியன் 10 பேரை இழந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. அதற்குப் பிறகு சியாச்சின் என்ற பெயரைக் கேட்டாலே தாய்மார்களுக்கு வயிறு கலங்குகிறது. அதனால்தான் பையன்கள் போனில் எல்லாவற்றையும் மறைக்கிறார்கள். அம்மா, அண்ணி, உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். "தைரியமா இரு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "தலை வலிக்குதா, டாக்டர்கிட்ட சொன்னியா" என்று கேளுங்கள். கடன், நிலத்தகராறு, குழந்தைக்குக் காய்ச்சல் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே அவன் காதில் போடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் போன் வராவிட்டால் சிக்னல் இல்லையென்று எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி, நீயும் ஒன்று செய். தூக்கம் கெட்டு, யாரோடும் பேசப் பிடிக்காமல் நாள்கணக்கில் போனால் அதையும் தலைவலி மாதிரியே நினைத்து டாக்டரிடம் சொல். அதற்கும் மருந்தும் பேச்சும் உண்டு.

லீவு முடிந்து திரும்பும்போது

பழகின உடம்பு கீழே இறங்கினால் பழக்கத்தை மறந்துவிடும். பத்து நாளுக்கு மேல், நாலு வாரத்துக்குள் கீழே இருந்திருந்தால் 4 நாள் மறுபழக்கம். நாலு வாரத்தைத் தாண்டினால் முதல் நாளிலிருந்து முழு அட்டவணையும் மறுபடி. அக்னிவீர் தம்பிகளுக்கு வருஷத்துக்கு 30 நாள் லீவு. அதை ஒரே மூச்சில் எடுத்தாலே கணக்கு நாலு வாரத்தைத் தாண்டிவிடும். "இங்கதானே ஒரு வருஷம் இருந்தேன்" என்று நேராக டூட்டிக்குப் போய் ஹேப்போவோடு வந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன். 9,000 அடிக்குக் கீழே இறங்கின தேதியையும் திரும்ப ஏறின தேதியையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொள். டிரான்சிட் கேம்பில் கேட்டால் அதைப் பார்த்துச் சொல். கேட்காவிட்டால் நீயே போய்க் காட்டு.